அடுத்தவர் காதுப் பஞ்சு

மலைமேல் இருக்கும் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள், போகும்போது ஒரு பொருளைக் கழற்றி என் தங்கையின் முன்னால் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கழுத்தில் தொங்கும் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்குப் போகும் ஹெட்போன். எந்த அறைக்குள் நுழைகிறோமோ அந்த அறையின் எண்ணை அமுக்கினால், அங்கே எந்த ராஜா தூங்கினார், எந்த ராணி அழுதாள் என்று ஒரு குரல் சொல்லும். கேட்டு முடித்தவர்களுக்கு அது வெறும் பெட்டி. என் தங்கைக்கு அது, முன்பின் தெரியாத ஒருவரின் காதோடு ஒட்டி வியர்த்துக் கிடந்த பஞ்சு.

அந்தப் பஞ்சில் என்னவெல்லாம் இருக்கும் என்று அவள் சொல்லிக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. குறும்பி இருக்கும். தலை எண்ணெய் இருக்கும். வெயிலுக்குத் தடவிய கிரீம், கன்னத்துப் பவுடர், காதுக்குள் விட்ட சொட்டு மருந்து, குழந்தையின் சாக்லேட் விரல் எல்லாம் இருக்கும். ஒருமுறை யாரோ ஒருவருடைய பருவிலிருந்து பெயர்ந்த பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்ததாம். இவள் ஒரு இடுக்கியால் அந்தக் கறுப்புப் பஞ்சு உறையை உரித்துக் குப்பையில் போடுவாள். கருவியை ஸ்பிரிட்டால் துடைப்பாள். மடிப்பிலும் இடுக்கிலும் குச்சியை விட்டுத் துடைப்பாள். புது உறை மாட்டி, ஒரு காகிதப் பையில் போட்டு வாயை மடித்து அடுக்குவாள். வேலை செய்யும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு காலத்தில் வெடிமருந்து வைத்திருந்த அறையாம். இப்போது ஸ்பிரிட் வாடை.

இப்படி ஒரு வேலையை, உலகத்திலேயே அருவருப்பு அதிகமுள்ள ஒருத்தி செய்கிறாள் என்பதுதான் வேடிக்கை.

வீட்டில் அவள் பெயர் சோப்பு. அப்பா வைத்த பெயர். வந்த விருந்தாளி கன்னத்தில் முத்தம் கொடுத்தால், கொடுத்தவர் கண்ணெதிரிலேயே எழுந்து போய்க் குழாயடியில் கன்னத்தைக் கழுவிவிட்டு வந்து அதே இடத்தில் உட்காருவாள். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. அப்பா லாரி மெக்கானிக். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நின்று இரண்டு கையையும் அவளிடம் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

“இன்ஸ்பெக்டர் அம்மா, பாஸா?”

“கட்டை விரல்.”

திரும்பப் போய்த் தேய்த்துவிட்டு வருவார். அவர் ஒருநாளும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. அம்மாவுக்குத்தான் கவலை. “இவ இப்படி எல்லாத்துக்கும் மூஞ்சியைச் சுளிச்சா, எந்த வீட்டுல குடித்தனம் பண்ணுவா?” என்பாள். அம்மாவின் பயம் வீண்போகவில்லை. ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். வந்தவர் நல்ல மனிதர்தான், தாம் நக்கிய ஸ்பூனைப் பொதுக் கிண்ணத்துக்குள் விட்டுக் கலக்கும் வரைக்கும்.

வேலையும் அப்படித்தான். ஹோட்டல் சமையலறையில் சேர்த்துவிட்டேன். சமையல்காரர் கரண்டியால் ருசி பார்த்துவிட்டு அதையே குழம்பில் போட்டார் என்று வந்துவிட்டாள். சினிமா கொட்டகையில் கூட்டுகிற வேலை. நாற்காலிகளுக்கு அடியில் கண்டதை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. பிறகு ஒரு பல் மருத்துவரிடம் உதவியாள். அங்கே கொஞ்ச காலம் நிலைத்தாள். ஒருநாள் அவர் ஒருவர் வாயிலிருந்து கையை எடுத்து, கையுறையைக் கழற்றாமலே அடுத்தவர் வாய்க்குப் போனார். இவள் சும்மா இருக்கவில்லை. “டாக்டர், அது போனவரோட எச்சில்” என்று உரக்கச் சொன்னாள். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்தவருக்கு மூடவும் பயம், திறந்து வைத்திருக்கவும் பயம். அன்றோடு அந்த வேலையும் போயிற்று.

ஊரில் இவளைக் கிறுக்கு என்றார்கள். நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்க்கிற வேலை செய்கிறேன். தளர்ந்த நூல் ஒன்று கண்ணில் பட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த சட்டைக்குப் போக என்னால் முடியாது. என் கண்ணுக்கு நூல் என்றால் அவள் மூக்குக்கு அழுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை போகும்போதெல்லாம் அவள் என் வீட்டுக் கூடத்தில் சோபாவில் வந்து படுப்பாள். என் மகன்கள் இரண்டு பேர். அவர்களுடைய காலுறைகள் எங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். மூக்கைத் தலையணையில் புதைத்துக்கொண்டு தூங்குவாள். என் கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். கடையிலிருந்து வந்தவர் அவளுக்காகவே சட்டையை உதறி, மாற்றி, கழுத்துவரை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவருக்கு அவள்மேல் பிரியம். அவளுக்கும் அவர்மேல். ஆனால் இருவரும் பேசினால் கேலிதான்.

கோட்டையில் வேலை கிடைத்தது என்று அவள் வந்து சொன்னபோது வீடே பூரித்துப் போனது. மலை உச்சி, காற்று, கீழே பூங்கா, மேலே அரண்மனை. அழுக்குக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தோம். முதல் நாள் போய்விட்டு வந்து சோபாவில் உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, “மாமா, மனுஷனுக்குக் காதுக்குள்ள இவ்வளவு இருக்குமா?” என்றாள்.

“சோப்பு, என்னைக் கேளு. காதுதான் எனக்குச் சோறு போடுது. அதுல முளைக்கிற முடியை வெட்டியே நான் வீடு கட்டினேன்.”

“சாப்பிடற நேரத்துல பேசாதீங்க மாமா.”

நாளைக்கே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. மற்ற இடங்களில் அழுக்கை அவள் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. இங்கே அதை அவள் கையாலேயே ஒழிக்க முடிந்தது. ஒருவர் காதில் இருந்தது இன்னொருவர் காதுக்குப் போகாமல் நடுவில் அவள் நின்றாள். அதனால் வருஷக்கணக்காக நிலைத்தாள். என் சோபாவிலிருந்து எழுந்து, அந்த மலையடிவாரத்திலேயே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனாள். வெள்ளையடித்த ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. அவள் மட்டும் தொடுகிற குழாய். அந்த அறையில் அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், இவள் இத்தனை காலமும் என் வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

அப்போது, அந்த மாதக் கடைசியில் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தரமானால்தான் அறையைத் தொடர்ந்து தருவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வேலை இல்லையென்றால் அறை இல்லை. அறை இல்லையென்றால் மறுபடி என் சோபா, மறுபடி காலுறை. வயது நாற்பதைத் தாண்டியவளுக்குப் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கோட்டைக்குப் புது மேலாளர் வந்தார். முன்பு எங்கோ ஒரு நீச்சல்குளத்தை நடத்தியவராம். அவர் குப்பைக் கூடையை எட்டிப் பார்த்திருக்கிறார். கறுப்பு உறைகள் மலைபோல் கிடந்திருக்கின்றன.

“இதெல்லாம் கிழிஞ்சிருக்கா?”

“இல்ல சார். போட்டது.”

“ஒரு பக்கம்தானேம்மா போட்டிருக்காங்க. திருப்பினா இன்னொரு பக்கம் இருக்கே.”

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து இவள் சிரித்திருக்கிறாள். அவர் விளையாடவில்லை. இனிமேல் உறையை உரித்து, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி மாட்ட வேண்டும். ஸ்பிரிட் துடைப்பு நாள் முடிவில் ஒரு தடவை போதும். புது உறைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவள் முடியாது என்றாள். அவர் கத்தவில்லை. சிரித்துக்கொண்டே இவளைப் பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றினார். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் யோசிங்க. திருப்பி மாட்டறதுன்னா உங்க இடம் உங்களுக்கு, நிரந்தரமும் உண்டு. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்றார்.

போனில் அவள் இதைச் சொன்னதும் நான் சொன்ன பதில் இது: “கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பி மாட்டிடுடி. உன் காதுலயா மாட்டப் போறாங்க?”

“நீயா அக்கா பேசறே?” என்றாள்.

“உன் அறைதான் பேசுது. ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம். அவசரப்பட்டு எதுவும் சொல்லிடாதே.”

அதுவரை நான் அந்தக் கோட்டையைப் பார்த்ததில்லை. கூப்பிட்டபோதெல்லாம் அவளே, “உனக்குப் பிடிக்காது அக்கா, ஜனங்க சரியில்ல” என்று தள்ளிப்போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் என் கணவரும் பஸ் பிடித்துப் போனோம்.

தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். மலைமேல் மதில், மதில்மேல் காவல்மாடம், சரிவெல்லாம் மரங்கள். பூங்காவுக்குள் கால் வைத்ததும் அழகு தீர்ந்துபோயிற்று. குளத்தில் ஜனங்கள் வீசிய ரொட்டி ஊறி, கொழகொழவென்று மஞ்சள் ஆடையாக மிதந்தது. வாத்துகள் அதற்குள் மூக்கை விட்டு உழப்பிக்கொண்டிருந்தன. கரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தின்ற பழத்தின் தோலை, குப்பைத்தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், குளத்துக்குள்ளேயே எறிந்தார். மூச்சு வாங்குகிறதே என்று பெஞ்சில் உட்கார்ந்து விளிம்பைப் பிடித்தேன். விரலில் மெத்தென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். பெஞ்சின் அடிப்பக்கம் முழுக்கச் சூயிங்கம். பல வருஷத்துப் பற்கள் மென்றது. சில காய்ந்திருந்தன. என் விரல் பட்டது காயாதது.

“என்ன, கோட்டைச் சுவரைத் தொட்டுட்டியா?” என்றார் என் கணவர்.

“பேசாம வாங்க.”

வழியெல்லாம் மரங்களில் பெயர் செதுக்கியிருந்தார்கள். ஒரு தகப்பன் பையனின் மூக்கைச் சிந்திவிட்டு, கையை அரண்மனை மதிலில் தேய்த்துக்கொண்டார். எத்தனை போர் பார்த்த மதிலோ, இப்போது இதையும் பார்க்கிறது. பெரிய வாசலில் ஒரு வெண்கலச் சிங்கத் தலை. போகிற வருகிற எல்லோரும் தடவித் தடவி அதன் மூக்கு மட்டும் பளபளவென்று இருந்தது. இடுப்பில் இருந்த ஒரு குழந்தை எட்டி அந்த மூக்கை நக்கியது. தாய் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் கருவி கொடுக்கும் இடம். வரிசையில் நின்று ஆளுக்கு ஒன்று வாங்கினோம். காகிதப் பையில் இல்லை, அப்படியே கையில் கொடுத்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. என் தங்கை வருஷக்கணக்காகத் துடைத்து வைத்த பொருள், அதை இன்றைக்குத்தான் மாட்டிப் பார்க்கிறேன் என்ற பெருமிதம். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த அறையில் பைகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சீருடை, இழுத்து முடிந்த கொண்டை. யாரோ கொடுத்த ஈரக் குடையை இரண்டு விரலால் பிடித்து மூலையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தாள். என் காதைப் பார்த்ததும் அது மாறியது.

“அக்கா, அதைக் கழட்டு.”

“ஏன்டி?”

“கழட்டுன்னா கழட்டு. மாமா, நீங்களும்தான்.”

“காலையில துடைச்சதுதானே இருக்கும். இதுக்கெல்லாமா? இதனாலதான் உன்னைப் பத்தி...”

“என்னைப் பத்தி?”

என் பின்னால் பைகளோடு நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். “சோப்பு, உலகத்துல கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் செய்யும். அதுக்காக அறையை விட்டுட்டுத் தெருவுல நிப்பியா? சாயங்காலம் அவர்கிட்ட சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு.”

அவள் என் பையை வாங்கிக்கொண்டாள். “சுத்திப் பாத்துட்டு வா. வந்து இதையே சொன்னா, சரின்னு சொல்லிடறேன்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. என் கணவர் மட்டும் அவள் சொன்னபடி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் கழற்றவில்லை.

அரசவை மண்டபத்தில் எண்ணை அமுக்கினேன். காதுக்குள் தேன் குரலில் ஒரு பெண் விருந்துகளைப் பற்றிச் சொன்னாள். கண்ணெதிரே, தொடக்கூடாது என்று எழுதியிருந்த சிம்மாசனத்தின் கைப்பிடி கைகள் பட்டுப் பட்டுக் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. அடுத்தது மன்னரின் கழிப்பறை. சுவரில் ஒரு கல் இருக்கை, நடுவில் ஓட்டை, கீழே பள்ளம். அந்தக் காலத்தில் எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்தில் சுத்தம் செய்யவில்லை என்று மூக்கு சொன்னது. யாரோ ஒரு வேடிக்கைக்காரர், கம்பித் தடுப்பைத் தாண்டிப் போய் அதை அதன் பழைய உபயோகத்துக்கே பயன்படுத்தியிருந்தார். இரண்டு பேர் அதன்முன் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

“ராஜா இன்னும் ஊருக்குப் போகல போலிருக்கு” என்றார் என் கணவர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

ராணியின் படுக்கையறையில்தான் எனக்குக் காது அரிக்க ஆரம்பித்தது. குரல், ராணி பன்னீரில் குளித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. வலது காது வெதுவெதுவென்று இருந்தது. ஈரம். என் வியர்வைதான் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். வழுக்கியது. கழற்றினேன். பஞ்சு என் காதைவிட்டுப் பிரியும்போது லேசாக ஒரு சத்தம் கேட்டது, ஒட்டியது பிரிகிற சத்தம்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்புப் பஞ்சின்மேல் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு தீற்றல். அதில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நரைமுடி. என் தலையில் சுருட்டை முடி கிடையாது. சட்டையின் உள் தையலைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு. அந்த உறையின் விளிம்பை நகத்தால் விலக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உள்பக்கம் வெள்ளையாகக் கிரீம், அதில் பவுடர் கலந்து பிசைந்த மாதிரி. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், அதற்கும் மேலே நான். இரண்டு பக்கமும் தீர்ந்த பிறகும் விடாமல் மூன்றாவதாக எனக்கு மாட்டியிருக்கிறார்கள்.

ராணியின் கட்டில் விளிம்பைப் பிடிக்கப் போனேன், அதை எத்தனை பேர் பிடித்தார்களோ என்று கையை இழுத்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள அந்த அரண்மனை முழுவதிலும் ஒரு சுத்தமான இடம் இல்லை. கடைசியில் என் கணவரின் தோளைப் பிடித்தேன். அவர் உறையை வாங்கிப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ஒருத்தர் கழுத்துல போட்ட துணியை உதறாம அடுத்தவர் கழுத்துல போட்டா, என் கடைக்கு மறுநாள் ஒருத்தன் வரமாட்டான். இதை இவ்வளவு பெரிய கோட்டையில பண்றாங்களா?”

கழுவும் இடத்துக்கு ஓடினேன். சோப்புப் பெட்டி காலி. வெறும் தண்ணீரில் தோல் சிவக்கக் காதைத் தேய்த்தேன். பக்கத்தில் ஒருவர் சாப்பிட்ட கையைத் தண்ணீரில் காட்டாமல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். அடுத்து எந்தக் கதவை அவர் திறப்பார் என்று யோசித்தேன். அந்த நிமிஷம் என் தங்கையின் கண் எனக்கும் வந்துவிட்டது. இத்தனை காலமும் அவள் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா? இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இவள் தினமும் பஸ்ஸில் ஏறினாள், என் வீட்டில் சாப்பிட்டாள், என் பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்?

கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்குப் போனோம். வாங்குகிற வரிசையும் அங்கேதான், ஒரே மேசையின் இரண்டு முனை. என் தங்கையின் நாற்காலியில் டிக்கெட் கிழிக்கிறவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறப்போகிற வயது, பாவம், சொன்னதைச் செய்கிற மனிதர். வந்த கருவியிலிருந்து உறையை உருவி, திருப்பி, மாட்டி, வரிசையில் நிற்பவரிடம் நீட்டினார். பஞ்சு வழுக்கக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

மேசைக்குப் பின்னால் மேலாளர் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். உருண்டை முகம், எப்போதும் சிரிப்பு. சாயங்காலம் ஆகிவிட்டதால் என் தங்கையும் பதில் சொல்ல வந்து ஓரமாக நின்றாள். என் சிவந்த காதைப் பார்த்தாள்.

“என்னம்மா, யோசிச்சீங்களா?” என்றார் மேலாளர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வதைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் அல்லவா?

“முடியாதுன்னு சொல்லுடி” என்றேன்.

“நீங்க யாரு?”

“இவளோட அக்கா. இதைப் பாருங்க சார். இது என் காதுல இருந்தது. உள்ளே யாரோட கிரீமோ, வெளியே யாரோட குறும்பியோ. மனுஷங்க மாட்டறதா இது?”

நான் அந்த உறையை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தேன். அவர் அருகே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார். வெட்கப்படுவார், அல்லது முகத்தையாவது சுளிப்பார் என்று காத்திருந்தேன்.

“இதுக்கா?” என்றார்.

என் கையிலிருந்து கருவியை வாங்கினார். அந்த உறையையே மாட்டினார். தம் இரண்டு காதிலும் ஹெட்போனைப் பொருத்தி, எண்ணை அமுக்கி, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். நடிப்பில்லை. அந்த மனிதருக்கு உண்மையாகவே ஒன்றும் தோன்றவில்லை. என் தங்கைக்குப் பிறக்கும்போதே அளவுக்கு மேல் கொடுத்ததை இவருக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள். இவரிடம் அருவருப்பைச் சொல்லிப் புரியவைப்பது நடக்காது என்று எனக்கு அப்போது தெரிந்துபோயிற்று. அவ்வளவுதான், அறை போயிற்று என்று நினைத்தேன்.

ஹெட்போன் மாட்டியவர்கள் தங்கள் குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று அறியமாட்டார்கள். அவர் கூடமே அதிரும்படி பேசினார்.

“பாத்தீங்களா? முன்னாடி மூணு பேர் போட்டது! மூணு பேர்! எனக்கு ஒண்ணும் ஆகல! லேசா ஈரமா இருக்கு, அவ்வளவுதான்!”

வரிசையில் முதலில் நின்ற பெண் கருவியை வாங்கக் கையை நீட்டியிருந்தாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அது மெதுவாக மடங்கி அவள் முந்தானைக்குள் போயிற்று. “வேணாங்க, சுவத்துல எழுதியிருக்கிறதைப் படிச்சுக்கறோம்” என்று மகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஏற்கனவே மாட்டியிருந்த ஒருவர் பாம்பைப் பிடுங்குவது போல் அதைப் பிடுங்கி மேசையில் எறிந்துவிட்டுச் சட்டைக் கையால் காதைத் தேய்க்க ஆரம்பித்தார். முற்றத்திலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் காதில் ஒருவர் சொல்லி, விஷயம் ராணியின் படுக்கையறை வரை போயிருக்க வேண்டும். மேசைமேல் கருவிகள் குவிந்தன. டிக்கெட் கிழிக்கிறவர் தம் கட்டை விரலைப் பார்த்தார். பிறகு நாக்கை ஒருமுறை வெளியே நீட்டி, அதை என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே இழுத்துக்கொண்டார்.

மேலாளருக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடி ராணியின் பன்னீர்க் குளியலைக் கேட்டுக்கொண்டிருந்தார். “குரல் நல்லாயிருக்கு! தெளிவா கேக்குது!” என்று கத்தினார்.

கழற்றியபோது எதிரே வரிசை இல்லை.

“எங்க எல்லாரும்?”

“பாத்துட்டுப் போயிட்டாங்க சார்” என்றார் டிக்கெட் கிழிக்கிறவர்.

“எதைப் பாத்துட்டு?”

அவர் காலி இடத்தைப் பார்த்தார். குவிந்து கிடந்த கருவிகளைப் பார்த்தார். காரணம் புரியவில்லை, விளைவு மட்டும் புரிந்தது. அந்தக் கருவிகள் வாடகைக்குப் போகாமல் கிடந்தால் மேலே இருப்பவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். என் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“புது உறை இருக்காம்மா?”

“நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்க.”

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

“மேசைமேல வைங்க சார். காதைத் தொட்ட கை.”

அவள் ஏதோ நகைச்சுவை சொன்னதுபோல் சிரித்துவிட்டு அவர் வைத்தார். அவள் இடுக்கியால் சாவியை எடுத்தாள், ஸ்பிரிட்டில் துடைத்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இது இனிமே என்கிட்ட இருக்கட்டும்.”

“சரிம்மா, சரி. நிரந்தரமாவே வச்சுக்கோங்க. முதல்ல ஜனங்களைக் கூப்பிடுங்க.”

அவள் மேசைக்குப் பின்னால் இருந்த வெடிமருந்து அறையின் கதவை விரியத் திறந்து வைத்தாள். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஒவ்வொன்றாக உரித்தாள், துடைத்தாள், புதிது மாட்டினாள், பையில் போட்டு மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்று வாங்கினார். அவருக்குப் பின்னால் மெல்ல மெல்ல வரிசை சேர்ந்தது. மாதக் கடைசியில் சொன்னபடி நிரந்தரமும் ஆயிற்று. மேலாளருக்கு இன்றுவரை விஷயம் பிடிபடவில்லை என்று கேள்வி. இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சுத்தம் பார்க்கிற வியாதி முற்றிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அந்த ஞாயிறு, கோட்டை மூடியதும் மூன்று பேரும் மலையிறங்கி அவள் அறைக்குப் போனோம். குளத்தையும் பெஞ்சுகளையும் நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் எதிலும் படாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைக்கப் போனவளை அவள் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினாள்.

“காது.”

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினேன்.

“இன்ஸ்பெக்டர் அம்மா, பாஸா?” என்று பின்னாலிருந்து கேட்டார் என் கணவர்.

“இடது பாஸ். வலது போய்த் திரும்பக் கழுவணும்.” மாடத்திலிருந்து உறை பிரிக்காத ஒரு சோப்புக் கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் விழும்படி போட்டாள். “வெளிக் குழாயில கழுவு. கழுவிட்டு அந்தச் சோப்பை அங்கேயே போட்டுடு. உள்ளே எடுத்துட்டு வராதே.”